குங்கிலியம் தரும் மரம்

திருக்கோயில்களில் நாள்தோறும் நிகழும் பூசையில் இறைவனுக்குச் செய்யப்பெறும் உபசாரங்கள் பதினாறு என்று ஆகமங்கள் வகுத்துரைக்கும். அவற்றுள் தூபமும் தீபமும் அடுத்தடுத்து நிற்பன. தீபம் கண்ணுக்கு ஒளி. தூபம் மூக்கிற்கு மணம். தீபத்தைத் தொலைவில் நிற்போரும் காண்பர். தூபமோ காண்பாரையும் காணாதாரையும் ஒருங்கே சென்று சேரும். கருவறையில் எழுந்த புகை அர்த்தமண்டபம் கடந்து, மகாமண்டபத்தில் தூணோரம் அமர்ந்திருக்கும் விழியிழந்த முதியவரிடத்தும் சென்று, "பூசை நடைபெறுகிறது" என்று அறிவிக்கும்.

அத்தகைய தூபத்திற்குரிய பொருள்களுள் பழமையும் பெருமையும் வாய்ந்தது குங்கிலியம். நாள்தோறும் அதன் மணத்தை நுகரும் அன்பர்கள் பலர், அஃது எங்கிருந்து வருகின்றது, எம்மரம் அதனைத் தருகின்றது, அம்மரம் எவ்விடத்தே வாழ்கின்றது என்பவற்றை அறியார். இறைவனுக்கு உகந்த பொருளின் பிறப்பிடத்தை அறிவதும் வழிபாட்டின் ஒரு கூறேயாகும். ஆதலின் அம்மரத்தின் வரலாறு ஈண்டு விளக்கப்பெறுகின்றது.

குங்கிலியத்தால் பெயர் பெற்ற அடியார்

அறுபத்து மூன்று நாயன்மார்களுள், தாம் செய்த தொண்டின் பொருளையே தம் பெயரின் முன் தாங்கி நிற்பவர் குங்கிலியக்கலய நாயனார். சோழநாட்டுத் திருக்கடவூரில் மறையவர் குலத்தில் தோன்றியவர். கலயர் என்பது அவர்தம் இயற்பெயர். காலனைக் காய்ந்த கடவூர் வீரட்டானத்துப் பெருமானுக்கு நாள் தவறாது குங்கிலியத் தூபம் இடுதலையே தம் வாழ்நாள் தொண்டாக அவர் மேற்கொண்டிருந்தார்.

காலம் செல்லச் செல்ல வறுமை வந்துற்றது. நிலமும் உடைமையும் விற்றாயின. மனையில் உணவின்றி மக்கள் வாடினர். அதுகண்ட மனைவியார் தம் திருமாங்கலியத்தை எடுத்துக் கணவர் கையில் கொடுத்து, நெல் வாங்கி வருமாறு வேண்டினார். அதனைக் கொண்டு சென்ற நாயனாரின் எதிரே குங்கிலியப் பொதியுடன் வணிகர் ஒருவர் வந்தார். பொதியில் உள்ளது குங்கிலியம் என்று கேட்டதும் நாயனாருக்கு நெல்லும் நினைவில் இல்லை. பசியும் நினைவில் இல்லை. தாலியைக் கொடுத்துப் பொதியைப் பெற்றுத் திருக்கோயில் பண்டாரத்தில் சேர்ப்பித்து, ஆண்டவனை நினைந்து அங்கேயே இருந்துவிட்டார். மனைவியாரும் மக்களும் பசியோடு துயின்றனர். அன்றிரவே இறைவன் திருவருளால் அம்மனை நெல்லாலும் பொன்னாலும் நிறைந்தது. பின்னர் இறைவன் நாயனாரை மனைக்குச் சென்று பாலடிசில் உண்டு பசி தீருமாறு பணித்தருளினான்.

திருப்பனந்தாளில் சாய்ந்திருந்த சிவலிங்கத் திருமேனியை நிமிர்த்தச் சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் இயலாது வருந்தியதும், கலயர் கயிற்றைத் தம் கழுத்திற் பிணித்து அன்பினால் இழுக்கப் பெருமான் நிமிர்ந்தருளியதும் அவர் வரலாற்றின் மற்றொரு பகுதி. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருக்கடவூருக்கு எழுந்தருளியபோது அவர்களை எதிர்கொண்டு அமுது செய்வித்த பேறும் கலயருக்கு வாய்த்தது. எனவே அவர் காலம் 7-ஆம் நூற்றாண்டு என்பது தெளிவு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இவ்வரலாறு விரிவாக இடம்பெற்றுள்ளது. ஆவணித் திங்கள் மூல நாள் நாயனாரின் குருபூசை நாளாகச் சிவாலயங்களில் போற்றப்பெறுகின்றது.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. திருக்கடவூர் கடலை அடுத்த காவிரிச் சமவெளி ஊர். குங்கிலிய மரம் அங்கு விளைவதன்று. ஆதலின் வணிகர் அதனைப் பொதி கட்டிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பொதி சுமந்த வணிகருக்கு முன்னே, எங்கோ ஒரு காட்டில் மரத்தடியில் நின்று அதனைத் திரட்டிய கை ஒன்று உண்டு. அக்கைக்கு முன்னே அதனைச் சுரந்த மரம் ஒன்று உண்டு.

பெயரும் வகையும்

குங்கிலியம் என்பது ஒரே மரத்தின் பிசினை மட்டும் குறிக்கும் பெயர் அன்று. வடமொழியில் குக்குலு என வழங்கும் சொல்லோடு தொடர்புடைய இப்பெயர், தமிழ்நாட்டில் நறுமணப் பிசின்கள் பலவற்றிற்கும் பொதுப்பெயராய் வழங்கி வந்துள்ளது. வட இந்தியக் காடுகளில் வளரும் சால் மரத்தின் பிசினும் குங்கிலியம் எனப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இயல்பாக வளரும் ஒரு மரத்தின் வெளிறிய பிசின் வெள்ளைக் குங்கிலியம் எனப்படும். அம்மலையிலேயே வளரும் வேறொரு மரத்தின் கரிய பிசின் கருங்குங்கிலியம் எனப்படும். சாம்பிராணி என்பது இவற்றினும் வேறானது. அது சுமத்திரா முதலிய கீழைத் தீவுகளில் வளரும் மரத்தினின்று பெறப்படுவது.

இவற்றுள் கருங்குங்கிலிய மரமே இக்கட்டுரையின் பொருள். தாவர நூலார் இதனைக் கனேரியம் ஸ்டிரிக்டம் என்பர். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராய் விளங்கிய வில்லியம் ராக்ஸ்பரோ என்பார் இட்ட பெயர் இது. அவர் மறைந்த பின்னர் 1832-இல் வெளிவந்த அவருடைய நூலில் இப்பெயர் காணப்படுகின்றது. முற்பகுதி மலாய் மொழியில் இவ்வின மரங்களுக்கு வழங்கும் பெயரினின்று பிறந்தது. பிற்பகுதி இலத்தீன் சொல். நேராக நிமிர்ந்தது என்பது அதன் பொருள். கேரள நாட்டார் இம்மரத்தைத் தெள்ளி என்றும் பந்தம் என்றும் வழங்குவர். இதன் பிசின் பந்தம் கொளுத்தவும் பயன்பட்டமையால் அப்பெயர் பொருத்தமாயிற்று. கன்னட நாட்டார் குங்கிலியம் தரும் மரங்களைத் தூப மரம் என்றே சொல்வர்.

இம்மரத்தின் குடும்பம் மணத்திற்குப் பெயர் பெற்ற குடும்பம். மேலை நாட்டார் தம் வழிபாட்டில் புகைக்கும் குந்துருக்கத்தைத் தரும் மரமும், வெள்ளைப்போளம் தரும் மரமும், குக்குலு தரும் செடியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. கொங்கு நாட்டில் காங்கேயம் பகுதி மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வேலியாய் நிற்கும் முள்கிளுவையும் இதன் உறவே. வறண்ட நிலத்தில் வேலியாய் நிற்கும் கிளுவையும், மழைக்காட்டில் வானளாவி நிற்கும் கருங்குங்கிலியமும் ஒரு குடிப்பிறப்பின என்பது அறியத்தக்கது.

மரத்தின் இயல்பு

கருங்குங்கிலியம் பேருருக் கொண்ட மரம். முற்றி வளர்ந்த மரம் 40 மீட்டர் வரை உயரும். அஃதாவது, பத்து மாடிக் கட்டடத்தினும் உயர்ந்து நிற்கும். அடிமரம் தூண்போல் நேராக ஓங்கிக் கிளையின்றி நெடுந்தொலைவு சென்று, மேலே குடைபோல் விரியும். அடியில் பலகைபோற் பரந்த முட்டு வேர்கள் மரத்தைத் தாங்கும். பட்டையை வெட்டினால் நறுமணம் கமழும்.

இலை, ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணையிணையாய் நிற்க, நுனியில் ஒரு சிற்றிலை தனித்து நிற்கும் கூட்டிலை ஆகும். தளிர்க்கும் பருவத்தில் இம்மரத்தின் அழகு தனி அழகு. இளந்தளிர்கள் குருதிச் செம்மை நிறங்கொண்டு வெளிப்படும். பச்சைப் போர்வை போர்த்த மலைச்சரிவில் அங்கங்கே செந்தீ எழுந்தாற்போல் அம்மரங்கள் தோன்றும். காட்டைப் பழகி அறிந்தவர்கள் அச்செந்தளிரைக் கொண்டே தொலைவிலிருந்து, "அதோ குங்கிலியம்" என்று சுட்டுவர்.

பூக்கள் மிகச் சிறியன; கொத்துக் கொத்தாய்ப் பூப்பன. மனிதர் கண்ணைக் கவரும் பூவன்று. பழமோ முட்டை வடிவினது. முற்றும்போது கருநீலம் பாய்ந்த நிறம் பெறும். மேலே மெல்லிய சதை. உள்ளே மூன்று பட்டை வாய்ந்த கல் போன்ற வன்கொட்டை. அக்கொட்டைக்குள்ளேதான் அடுத்த தலைமுறை துயில்கின்றது.

மரம் வாழும் காடு

கருங்குங்கிலியம் எல்லா நிலத்தும் வளர்வதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மழைக்காடே இதன் தாயகம். வடகிழக்கு இந்தியாவின் மழைக்காடுகளிலும் மியன்மார் நாட்டிலும் இஃது உண்டு. தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை, பொதிகை மலை, களக்காடு முண்டந்துறைக் காடுகள் ஆகியவற்றில் ஈரமிக்க பள்ளத்தாக்குகளையும் சரிவுகளையும் நாடி நிற்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் வரை இதனைக் காணலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுடையது. ஐக்கிய நாடுகள் அவையின் யுனெஸ்கோ நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் இம்மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. தென்மேற்குப் பருவக்காற்று கடலினின்று முகந்து வரும் முகிலை இம்மலை தடுத்து நிறுத்திப் பொழிவிக்கின்றது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்று. அத்தகைய மழையை ஏற்று வளர்ந்ததே மழைக்காடு.

அக்காட்டின் அமைப்பு அடுக்கு மாளிகை போன்றது. நிலத்தில் உதிர்ந்த இலைகளும் காளான்களும் பூச்சிகளும் அடித்தளம். அதன்மேல் சிறு செடிகளும் பெரணிகளும். அதன்மேல் நிழலில் வாழப் பழகிய சிறு மரங்கள். அதன்மேல் வெடிப்பலா, நாங்கு, பாலி முதலிய பெருமரங்கள் ஒன்றோடொன்று கை கோத்து அமைத்த பசிய கூரை. அக்கூரையில் இடம்பெற்றும், சிலவிடங்களில் அதனையும் கடந்து தலைநிமிர்ந்தும் நிற்பது கருங்குங்கிலியம். நண்பகலிலும் கதிரொளி நிலத்தில் அருகியே விழும். மரப்பட்டைகளில் பாசியும் மரவாழைகளும் படர்ந்திருக்கும். உலகில் வேறெங்கும் இயற்கையில் காணப்படாத சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கு அக்கூரை வழியே நடமாடும்.

இக்காடு மழையைப் பெறுவதோடு நில்லாது, அதனைச் சேமித்தும் வைக்கின்றது. இலைக்கூரை மழையின் வேகத்தைத் தணிக்கும். உதிர்ந்த இலைமெத்தை நீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஊற்றாய் விடும். பொதிகைக் காட்டினின்று பொருநை பிறக்கின்றாள். குடகு மலையினின்று காவிரி பிறக்கின்றாள். எனவே திருநெல்வேலிப் பெருமானுக்கு ஆகும் திருமஞ்சன நீரும், கடவூர் வயல்களில் பாய்ந்து நிவேதன நெல்லை விளைவிக்கும் நீரும் இம்மலைக்காடுகளின் கொடையே. தூபம் தருவதும் காடு. திருமஞ்சனம் தருவதும் காடு. நிவேதனம் தருவதும் காடு என்பதனை அன்பர்கள் உணர்தல் வேண்டும்.

பறவை விதைக்கும் மரம்

மனிதர் நட்டு வளர்த்த மரங்களாலாகியதன்று மழைக்காடு. அங்கு விதைப்போர் பறவைகளும் விலங்குகளும் ஆவர். கருங்குங்கிலியப் பழத்தைச் சிறு பறவைகளால் விழுங்க இயலாது. வாயகன்ற பெரும்பறவைகளே அதற்கு வேண்டும். இருவாச்சிப் பறவையும், மலையில் வாழும் பெரும்புறாக்களும் இப்பழத்தை முழுதாக விழுங்கிச் சதையை மட்டும் செரித்துக் கொட்டையைத் தொலைவில் உமிழ்ந்துவிடும். தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்த கொட்டைகளைக் கொறித்துண்ணும் விலங்குகள் பெரும்பாலும் அழித்துவிடும். தொலைவில் சென்று விழுந்தனவற்றுள் சிலவே முளைத்து மரமாகும்.

இருவாச்சியின் இல்லறம் வியத்தற்குரியது. முட்டையிடும் பருவத்தில் பெண்பறவை பெருமரத்தின் பொந்தினுள் புகுந்து, அலகு செல்லும் அளவு மட்டும் துளை விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண்பறவை திங்கள் கணக்கில் பழங்களைக் கொணர்ந்து அத்துளை வழியே ஊட்டும். பொந்து அமையப் பழமையான பெருமரம் வேண்டும். ஊட்டுவதற்குப் பழமரங்கள் வேண்டும். பெருமரம் வீழின் பறவைக்கு வீடில்லை. பறவை இல்லையேல் மரத்திற்கு மக்கட்பேறில்லை. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இவ்வுறவை எண்ணுந்தோறும் படைத்தவன் பெருமை புலனாகும்.

பிசின் பிறக்கும் விதம்

குங்கிலியம் மரத்தின் உணவும் அன்று, கழிவும் அன்று. அது மரத்தின் மருந்து. பட்டையினுள் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. வண்டு துளைத்தாலோ, கிளை முறிந்தாலோ, பட்டையில் காயம் நேர்ந்தாலோ அக்குழாய்களிலிருந்து பிசின் சுரந்து புண்ணை மூடும். காற்றுப் பட்டதும் இறுகும். பூச்சியும் பூஞ்சையும் உட்புகாதவாறு காக்கும். அவ்வாறு சுரந்து இறுகிய பிசினே கருநிறமும் பளபளப்பும் பெற்றுக் கருங்குங்கிலியம் ஆகின்றது. எனவே கோயிலில் கமழும் நறுமணம், ஒரு மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளச் சுரந்த மருந்தின் மணம் என்று அறிதல் வேண்டும்.

அதன் பயனை மனிதர்க்கு முன்னரே அறிந்தவை கொசுத்தேனீக்கள். கொட்டும் கொடுக்கில்லாத இச்சிறு தேனீக்கள் மரப்பிசினைத் திரட்டிச் சென்று தம் கூட்டைக் கட்டவும் காக்கவும் பயன்படுத்தும். மனிதரும் பலவாறு பயன்கொண்டனர். படகின் பலகை இடுக்குகளை அடைத்தற்கும், மெருகெண்ணெய் செய்தற்கும் இஃது உதவியது. சித்த மருத்துவத்தில் குங்கிலியம் சேர்ந்த களிம்புகள் புண்ணுக்கும் மூட்டுவலிக்கும் வழங்கி வருகின்றன.

திருக்கோயிலில் குங்கிலியத்திற்குத் தூபமன்றியும் ஒரு பணி உண்டு. குடமுழுக்கின்போது திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கச் சாத்தப்பெறும் அட்டபந்தன மருந்தின் எட்டுப் பொருள்களுள் குங்கிலியமும் ஒன்று. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்பன அவ்வெட்டு. இவற்றை ஒன்றாகச் சேர்த்து உரலில் இட்டு இடித்து இளக்கிச் சாத்துவர். மரத்தின் புண்ணை மூடிய பிசின், திருமேனிக்கும் பீடத்திற்கும் இடையே உள்ள இடைவெளியை மூடி நீர் புகாது காக்கின்றது. காட்டிலும் கோயிலிலும் அதன் தொழில் ஒன்றே.

மரத்திற்கு நேரும் கேடு

காடர், குறும்பர், முதுவர், காணிக்காரர் முதலிய மலைவாழ் மக்கள் தேன், கடுக்காய் முதலியவற்றோடு குங்கிலியத்தையும் திரட்டி வந்துள்ளனர். மரம் தானே கசியவிட்டு, பட்டையில் ஒட்டியும் அடியில் உதிர்ந்தும் கிடப்பதைப் பொறுக்குதல் ஒரு முறை. இதனால் மரத்திற்கு ஊறில்லை. ஆனால் கிடைக்கும் அளவு சிறிது.

மற்றொரு முறையும் உண்டு. அடிமரத்தில் வெட்டுகள் இட்டு, சுற்றிலும் விறகு அடுக்கித் தீமூட்டுவர். தீயின் வெம்மையால் பட்டை வெந்து, மரம் தன்னைக் காத்துக்கொள்ள மிகுதியாகப் பிசின் சுரக்கும். இவ்வாறு சுட்ட மரம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துச் சுரக்கத் தொடங்கி, அதன்பின் பத்து ஆண்டுகள் அளவும் சுரக்கும் என்று ஆங்கில ஆட்சிக் காலத்து வனநூல்கள் குறித்துள்ளன. பொருள் மிகுதியாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் மீண்டும் மீண்டும் வெட்டுண்டும் வெந்தும் போன மரம் உள்ளீடழிந்து, கரையான் அரித்து, ஒரு பெருங்காற்றில் வீழ்ந்துவிடும். மேலும், மழைக்காட்டு மரங்கள் தீயைத் தாங்கப் பழகியவை அல்ல. மூட்டிய தீ சருகில் பற்றினால் சுற்றிலுமுள்ள கன்றுகளும் மடியும்.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகப் பகுதியில் குங்கிலியம் திரட்டும் முறைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தது. திரட்டும் முறை இடத்திற்கு இடம் வேறுபடுகின்றது என்பதனை அஃது எடுத்துக்காட்டியது. எனவே குங்கிலியம் எடுத்தலே குற்றம் அன்று. எடுக்கும் முறையே நன்றும் தீதும் ஆகின்றது என்பது தெளிவு. பசு மடியில் கன்றுக்கு விட்டுக் கறத்தலும் உண்டு. குருதி வரக் கறத்தலும் உண்டு. முன்னையது அறம், பின்னையது கொலை.

திரட்டும் மக்களைப் பழித்தலும் பொருந்தாது. காட்டைத் தம் இல்லமாகக் கொண்டு, எந்த மரம் எந்தப் பருவத்தில் எவ்வளவு தரும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் அவர்களே. விலையைக் குறைத்து அளவை மிகுதியாகக் கேட்கும் வணிகமே பெரும்பாலும் மரத்தின் அடியில் தீயை மூட்டுகின்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டின் சிறு விளைபொருள்களைத் திரட்டவும் விற்கவும் மலைவாழ் மக்களுக்கு உள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. உரிமை உறுதியானால், நாளைக்கும் மரம் வேண்டும் என்னும் எண்ணமும் உறுதியாகும்.

பிசின் எடுத்தல் மட்டுமே இம்மரத்திற்கு நேர்ந்த கேடு அன்று. 19-ஆம் நூற்றாண்டிலும் அதனை அடுத்தும் ஆனைமலை, நீலகிரி முதலிய இடங்களில் பெரும்பரப்பு மழைக்காடு தேயிலைக்கும் காப்பிக்கும் அழிக்கப்பட்டது. தோட்டங்களுக்கிடையே தீவுபோல் எஞ்சிய காட்டுத் துண்டுகளில் தாய்மரங்கள் தனித்து நின்றன. வால்பாறைப் பகுதியில் அவ்வாறு எஞ்சிய சோலைகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டுக் காட்டை மீட்கும் பணி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றது. இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபட்ட அறிவியலாளர்களும் தோட்ட நிறுவனத்தாரும் கைகோத்துச் செய்யும் நற்பணி அது. எனினும் இன்று நடும் கன்று இருவாச்சிக்குப் பொந்து தரும் பெருமரமாவதற்கு ஒரு மனித வாழ்நாள் போதாது. நிற்கும் மரத்தைக் காத்தலே முதற்கடமை.

அடியார்க்கு உரிய கடமைகள்

இனி, தூபமிடும் அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, அளவறிந்து இடுதல். நன்கு கனன்ற தணலில் ஒரு சிட்டிகைக் குங்கிலியப் பொடி போதும். மண்டபம் முழுதும் மணக்கும். கைநிறைய அள்ளியிட்டால் மணம் மிகாது, புகையே மிகும். பூசையின் பெருமை புகையின் அளவில் இல்லை.

இரண்டாவது, அறிந்து வாங்குதல். கடைகளில் குங்கிலியம் என்று விற்கப்படுவன எல்லாம் குங்கிலியம் அல்ல. மலிவான பிசின்களும் கரித்தூளும் கலந்தவை பல. மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக வரும் பொருளை உரிய விலை கொடுத்து வாங்கினால், நல்ல பொருளும் கிடைக்கும். திரட்டியவர்க்கு நேரிய ஊதியமும் சேரும். மிகக் குறைந்த விலையில் மிகுந்த அளவைத் தேடுதல், மரத்தடியில் தீ மூட்டுமாறு சொல்லாமற் சொல்லுதலே ஆகும்.

மூன்றாவது, காட்டுக் கோயில்களில் காக்க வேண்டிய ஒழுக்கம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் அமைந்த காரையாறு சொரிமுத்தையனார் திருக்கோயில் போன்ற தலங்களுக்குப் பல்லாயிரவர் செல்கின்றனர். அங்கு நெகிழிப் பொருள்களை எறிதலும், ஆற்றில் துணிகளை விடுதலும், காட்டினுள் தீ மூட்டுதலும் தெய்வத்திற்குச் செய்யும் பிழை. வனத்துறையினர் விதிக்கும் கட்டுப்பாடுகளைக் கோயில் விதிகளாகவே கருதி நடத்தல் வேண்டும். கருங்குங்கிலியம் சமவெளியின் வெப்பத்தில் செழிக்கும் மரம் அன்று. வீட்டு முற்றத்தில் நட்டு அதனைக் காத்துவிட இயலாது. அதன் காட்டைக் காப்பதே அதனைக் காப்பதாகும்.

நாயனார் காட்டிய நெறி

குங்கிலியக்கலயர் வரலாற்றைக் கேட்போர், தாலியையும் விற்றுத் தூபமிட்ட உறுதியை வியப்பர். அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. நாயனார் கொடுத்தது தம்முடைய பொருளை. வறுமை வந்தபோது பிறர் பொருளை அவர் நாடவில்லை. பண்டாரத்துப் பொருளைத் தொடவில்லை. வணிகரிடம் விலை பேசி வருத்தவும் இல்லை. தம் மனையில் எஞ்சியிருந்த ஒரே பொன்னைக் கொடுத்தே பொதியைப் பெற்றார். ஈவோர் இழப்பை ஏற்றுக்கொண்ட கொடை அது. ஆதலின் அப்புகை இறைவன் திருவுள்ளத்திற்கு உகந்ததாயிற்று.

ஒரு மரத்தைச் சுட்டு, ஒரு பறவையின் வீட்டை அழித்து, ஒரு மலைமகனின் கூலியைக் குறைத்து, அதனால் வந்த பொருளைத் தணலில் இட்டால், அஃது இடுவோர் கொடை ஆகாது. பிறர் இழப்பில் எழுந்த புகையே ஆகும். மரம் தானே கசியவிட்டதைப் பொறுமையோடு திரட்டி, உரிய விலை கொடுத்துப் பெற்று, ஒரு சிட்டிகை அளவாக இட்ட தூபமோ நாயனாரின் தொண்டோடு ஒத்து நிற்கும்.

அடுத்த முறை திருக்கோயிலில் தூபம் எழும்போது, அதன் பின்னே மேற்கு மலைச்சாரலில் செந்தளிர் விரித்து நிமிர்ந்து நிற்கும் ஒரு பெருமரம் உண்டு என்பதனை அன்பர்கள் நினைவு கூர்வாராக. அம்மரம் நிற்கும்வரை இருவாச்சிக்கு வீடு உண்டு. பொருநைக்கும் காவிரிக்கும் ஊற்று உண்டு. பெருமான் திருமுன்னர்க் குங்கிலியத் தொண்டும் இடையறாது நடைபெறும்.

குங்கிலியக்கலய நாயனார் திருவடிகள் போற்றி!

திருச்சிற்றம்பலம்.